பாதியில் நின்ற ஷட்டர்

முதலில் எனக்கு உறைத்தது சத்தம் இல்லை. சத்தம் நின்றுபோனதுதான்.

கயிற்றுக்கடைக்குள் ஒரு ஸ்டூல் மேல் நின்றுகொண்டிருந்தேன். தலைக்கு மேலே ஷட்டர் உருளை. கை இரண்டிலும் கிரீஸ். வாயில் இரண்டு போல்ட். எனக்கு முன்னால் ஷட்டர் பாதிக்கு இறங்கி, மேலேயும் போகாமல் கீழேயும் வராமல் நின்றது. கையை எடுத்தேன். நின்றது. லேசாகத் தட்டிப் பார்த்தேன். அப்போதும் நின்றது.

எங்கள் தொழிலில் அதுதான் பரீட்சை. முழுக்க இறங்குவது பெரிதில்லை, கனம் இழுத்தால் எதுவும் இறங்கும். பாதியில் விட்டால் விட்ட இடத்தில் நிற்க வேண்டும். உள்ளே இருக்கிற ஸ்பிரிங்கின் முறுக்கும் வெளியே தொங்குகிற தகட்டின் கனமும் சரிக்குச் சரியாக இருந்தால்தான் அது நிற்கும். காலை ஆறு மணிக்கு ஆரம்பித்த வேலை, பத்தரைக்குத்தான் அந்த இடத்துக்கு வந்தது. அந்தச் சந்தோஷத்தில் வெளியே நடப்பதைக் கவனிக்கவில்லை.

பக்கத்தில் ஒரு ஷட்டர் இறங்கியது. இடது பக்கம் உரசிக்கொண்டே வந்தது. அது மருந்துக்கடை. எதிரே ஒன்று வழுக்கிக்கொண்டு இறங்கியது. அது பாத்திரக்கடை, போன மாதம் நான்தான் கிரீஸ் வைத்தேன். தள்ளி ஒன்று. இன்னும் தள்ளி ஒன்று. குரலை வைத்து ஆளைச் சொல்வார்களே, அது மாதிரி சத்தத்தை வைத்துக் கடையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். மடையன். ஏன் இறங்குகிறது என்று யோசிக்கவில்லை.

பிறகு பாத்திரக்கடையில் குடம் உருட்டுகிற சத்தம் நின்றது. செல்போன் கடைப் பாட்டு நின்றது. வாழைத்தார் ஏற்றி வந்த மினி லாரி இஞ்சினை அணைத்தது. பகல் நேரத்தில் எங்கள் வீதி அவ்வளவு அமைதியாக இருந்து நான் கண்டதில்லை.

ஏணியின் எட்டாவது படி

வெளியூரிலிருந்து வருகிறவர்கள் திண்டுக்கல்லைக் கீழே நின்று பார்ப்பார்கள். இல்லாவிட்டால் கோட்டை மலை மேல் ஏறி நின்று பார்ப்பார்கள். நான் பார்த்த திண்டுக்கல் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. பன்னிரண்டடி ஏணியில் எட்டாவது படியில்.

அங்கே நின்றால், திண்டு போட்டது போலக் கிடக்கிற மலைக்கோட்டைப் பாறை தெரியும். அம்மன் கோயில் கோபுரம் தெரியும். மாதா கோயிலின் கூர்முனை, பேகம்பூர்ப் பக்கம் பள்ளிவாசல் மினார், மணிக்கூண்டுக் கடிகாரம் எல்லாம் கழுத்தை ஒரு சுற்றுத் திருப்பினால் வந்துவிடும். கீழே இறங்கினால் ஒன்றும் தெரியாது, வாசனைதான். வீதியின் இந்த முனையில் புகையிலை. கொஞ்சம் தள்ளி பதனிட்ட தோல். பதினொரு மணிக்கு மேல் பிரியாணி தம் போடுகிற வாசனை வந்து எல்லாவற்றையும் அமுக்கிவிடும்.

சில கடைகளில் ஷட்டர் உருளை வெளிப்பக்கம், போர்டுக்குப் பின்னால் இருக்கும். ஃபிளெக்ஸ் போர்டைக் கழற்றினால் பின்னால் ஒரு பழைய தகரப் போர்டு இருக்கும். அதையும் நகர்த்தினால் சுண்ணாம்புச் சுவர் வரும். அந்தச் சுவரில்தான் பழைய ஊர் இருக்கிறது. மருந்துக்கடைக்கு மேலே இரண்டு சுதைக் கிளிகள், ஒன்றுக்கு மூக்கு இல்லை. செல்போன் கடைக்கு மேலே ஒரு பிறையும், அதன் அடியிலேயே ஒரு தாமரையும். பிறை கேட்டுக் கட்டச் சொல்லியிருப்பார்கள், கொத்தனார் கைப் பழக்கத்தில் தாமரையையும் சேர்த்துவிட்டார் போலிருக்கிறது. யாரும் உடைக்கச் சொல்லவில்லை.

வேலை முடிந்ததும் என் துண்டால் அந்தக் கிளிகளைத் துடைத்துவிட்டு போர்டை மாட்டிவிடுவேன். இந்தத் தொடரைப் படிக்கிற கரூர் வாசகர் ஒருவர், "உங்கள் ஊர்க் கடைவீதியில் பார்க்க என்ன இருக்கிறது?" என்று எழுதிக் கேட்டிருந்தார். கிளி இருக்கிறது ஐயா. ஆனால் ஏணி வேண்டும்.

ஏணி இல்லாமலே தெரிகிற ஒன்று மூலையில் இருக்கும் கயிற்றுக்கடை மேல்தான் உண்டு. ஒரு சுதைக் காளை. அந்தக் கடைக்குப் போர்டே கிடையாது. மூக்கணாங்கயிறு, தாம்புக்கயிறு, தோல் வார், சலங்கை என்று மாடு கட்டுகிறவனுக்கு வேண்டியது எல்லாம் அங்கே உண்டு. இப்போது தார்ப்பாயும் நைலான் கயிறும் கூட. குஜிலியம்பாறையிலிருந்தும் செம்பட்டியிலிருந்தும் வருகிற சம்சாரிகள் "காளைமாட்டு மூலை" என்றுதான் ஆட்டோவில் சொல்வார்கள்.

கடைக்காரர் கமருதீன் பாய். வீதிக்கு அவர் கயிற்றுக்கடை பாய். எழுபதைத் தாண்டியவர். மனைவி போன பிறகு கடைக்கு மேலேயே மாடியில் இருந்தார்.

மூலைக்கடை முறை

எங்கள் வீதியில் ஒரு வழக்கம் உண்டு. இறந்தவர்களைத் தூக்கிக்கொண்டு போகும்போது கடைக்காரர்கள் ஷட்டரைப் பாதிக்கு இறக்குவார்கள். வியாபாரத்தை நிறுத்திவிட்டு வாசலில் வந்து நிற்பார்கள். முழுசாக இறக்கினால் அது கடையடைப்பு. பாதி இறக்கினால் அது மரியாதை. சங்கு ஊதிக்கொண்டு வந்தாலும், கலிமா சொல்லிக்கொண்டு வந்தாலும், ஜெபம் சொல்லிக்கொண்டு வந்தாலும் பாதி பாதிதான்.

எந்த ஊர்வலமும் மூலையில் திரும்பித்தான் வீதிக்குள் வரும். அதனால் முதலில் தெரிவது கயிற்றுக்கடைக்கு. பாய் எட்டிப் பார்த்து இறக்குவார். அதைப் பார்த்து மருந்துக்கடை இறக்கும். அதைப் பார்த்து அடுத்த கடை. அப்படியே மணிக்கூண்டு வரைக்கும் போகும். யாரும் யாரையும் எதுவும் கேட்பதில்லை. ஏற்றும்போதும் அதே முறைதான். மூலைக்கடை ஏற்றாமல் மற்றவர்கள் ஏற்ற மாட்டார்கள்.

இறக்கிவிட்டு பாய் தொப்பியைச் சரிசெய்துகொண்டு ஊர்வலத்துக்குப் பின்னால் நாலடி நடப்பார். தெரிந்தவர், தெரியாதவர் என்று பார்ப்பதில்லை. நாலடி நடந்துவிட்டுத் திரும்பி வந்து ஷட்டரைத் தூக்குவார்.

இது தெரிந்ததால் நான் அந்த வீதியில் பகலில் பரீட்சை பார்ப்பதே கிடையாது. கடை திறக்கும் முன்பே முடித்துவிடுவேன். தப்பித்தவறிப் பார்க்க வேண்டியிருந்தால் என் சிவப்புத் துண்டை ஷட்டர் கைப்பிடியில் கட்டிவிடுவேன். துண்டைப் பார்த்தால் "தங்கராசு வேலை" என்று வீதிக்குத் தெரியும்.

அன்றைக்குத் துண்டு என் தலையில் இருந்தது. என் வண்டியும் ஏணியும் பக்கச் சந்தில் இருந்தன. வெளியிலிருந்து பார்த்தால் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். மூலைக்கடை ஷட்டர் பாதிக்கு இறங்கியிருக்கிறது.

"பாதியில நிக்கணும் அப்பு"

அந்த வேலைக்கு என்னைக் கூப்பிட்டது பாய்தான். இது நடந்து மூன்று வருடம் இருக்கலாம். மழை ஏமாற்றிய ஒரு ஐப்பசி. மூச்சுத் திணறலில் மூன்று மாதமாக அவர் மாடியை விட்டு இறங்கவில்லை. மகன் ஜாகிர்தான் கடையைப் பார்த்துக்கொண்டான். நல்ல பிள்ளை. செம்பட்டி ரோட்டுப் பக்கம் புதிதாக வீடு கட்டி, படி ஏறாமல் அப்பா இருக்கக் கீழேயே ஒரு அறை வைத்திருந்தான். மறுநாள் வெள்ளிக்கிழமை, ஜும்மா முடிந்ததும் அங்கே கூட்டிப்போவதாக ஏற்பாடு. கட்டில் போட அவன் காலையிலேயே புது வீட்டுக்குப் போய்விட்டான். கடைக்கு அன்று லீவு.

வேலை தொடங்கும் முன் மாடிக்குப் போனேன். பாய் இரண்டு தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"ஏலே தங்கராசு, போன வாரம் டீக்கடைக்காரன் அம்மாவத் தூக்கிட்டுப் போனப்ப ஜாகிரு எறக்கினான். பாதியில நிக்காம முழுசாப் போயி விழுந்துச்சு. மேல எனக்குக் கேட்டுச்சு. மரியாதையில்லாத சத்தம்."

"ஸ்பிரிங் தளந்துருக்கும் பாய்."

"அது என்ன எழவோ. பாதியில நிக்கணும் அப்பு. நாளைக்கு நான் போறதுக்குள்ள நிக்கணும்."

"புதுசு போட்டுருவோம்."

"நான் போன பெறகும் நிக்குமா?"

"பத்து வருசம் நிக்கும் பாய்."

"அம்புட்டு நாள் வேணாம்ப்பா" என்று சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன்.

"புது வீடு நல்லாருக்காமே பாய்?"

"நல்லாருக்கு. எதிர்ல தென்னந்தோப்பு. பக்கத்துலேயே பள்ளிவாசல். பள்ளிக்கு அடுத்தாப்ல மையவாடி. எல்லாத்தையும் கைக்கெட்டுற தூரத்துல வச்சிருக்கான் எம் மகன்."

மையவாடி என்றால் அவர்கள் அடக்கம் செய்கிற இடம். அதைச் சொல்லிவிட்டு அவர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வசதியைத்தான் சொல்கிறார் என்று நினைத்து, நான் பையை எடுத்துக்கொண்டு கீழே வந்துவிட்டேன்.

கால்கள் மட்டும்

பாதி இறங்கிய ஷட்டருக்கு உள்ளேயிருந்து பார்த்தால் வீதியில் கால்கள்தான் தெரியும். ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. செருப்பில்லாமல் ஓடி வந்த இரண்டு கால்கள் பாத்திரக்கடை அண்ணாச்சியுடையவை. ஈரம் சொட்டுகிற கால்கள் வாசலில் பூ விற்கிற ராக்கு அக்காவுடையவை.

"எந்தப் பக்கமிருந்து வருது? ஒண்ணையும் காணமே" என்றார் அண்ணாச்சி.

"எதுவும் வரல அண்ணாச்சி. மூலக்கடைதான் மொதல்ல எறங்குச்சு. நாம்பாத்தேன்" என்றாள் ராக்கு அக்கா.

அண்ணாச்சியின் கால்கள் கடையை நெருங்கி வந்தன.

"அப்ப மேலயா?" என்றார் அண்ணாச்சி. குரல் இறங்கிவிட்டது.

"ஐயோ, பாயா? நேத்துச் சாயந்தரம் கூட சன்னல்ல நின்னு எங்கூட வம்பு பேசினாரே!"

"பள்ளியில இன்னும் சொல்லலையே."

"மகன் வந்துதான சொல்லணும்."

அண்ணாச்சி போனை எடுத்தார். "ஜாகிரு, எங்கப்பா இருக்க? ஒண்ணுமில்ல. செத்த கடைக்கு வந்துட்டுப் போ. வண்டிய மெதுவா ஓட்டிட்டு வாப்பா."

மெதுவாக ஓட்டிக்கொண்டு வா என்று ஒருவர் சொன்னால் என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும்.

அந்த நிமிடமே நான் குனிந்து வெளியே வந்து சொல்லியிருக்க வேண்டும். இரண்டு வார்த்தை. சொல்லவில்லை. அது பயம் இல்லை, கூச்சம். படித்தது ஐந்தாவது வரைதான் என்றாலும் கூச்சம் அதனால் வந்ததில்லை, அதற்கு முன்னாலேயே இருந்தது. நாலு பேர் சேர்ந்து என் முகத்தைப் பார்த்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். "வாயில போல்ட்டு வச்சிருக்கியே, அது வேலைக்கா, பேசாம இருக்கிறதுக்கா?" என்று என் வீட்டுக்காரி கேட்பாள். இரண்டுக்கும்தான்.

எனக்கு முன்னால் இருந்த கால்கள் இப்போது முப்பதுக்கும் மேலே ஆகிவிட்டன. ஒவ்வொரு கால் சேரும்போதும் அந்த இரண்டு வார்த்தை இன்னும் கனமாகிக்கொண்டே போனது.

அப்போது ராக்கு அக்கா கடை வாசல்படியிலேயே உட்கார்ந்தாள். கூடையைப் பக்கத்தில் இழுத்தாள். ரோஜாவை நாரில் வரிசை வரிசையாகக் கட்டத் தொடங்கினாள். பெட்டி மேல் போர்த்துகிற பூப்போர்வை. யாரும் அவளைக் கட்டச் சொல்லவில்லை.

"எம் புருசன் போனப்ப நாலடியோட நிக்கல இந்த மனுசன்" என்றாள், யாருக்கும் என்று இல்லாமல். "சுடுகாடு வரைக்கும் வந்தாரு. வெயில்ல. செருப்பக் கழத்திக் கையில வச்சிக்கிட்டு."

அதற்கு மேல் என்னால் அங்கே நிற்க முடியவில்லை. அங்கே செம்பட்டி ரோட்டில் ஒருவன் அப்பா இறந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டு வண்டி ஓட்டுகிறான்.

ஸ்டூலை விட்டு இறங்கினேன். ஆனால் வெளியே போகவில்லை. கடைக்குள் இருக்கிற படியில் ஏறி மாடிக்குப் போனேன். ஊருக்குச் சொல்வதைவிட ஒருவருக்குச் சொல்வது லேசு என்று நினைத்தேன்.

எதுவரைக்கும்?

பாய் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றிருந்தார். தலையில் தொப்பி. ஒரு கால் செருப்பில், இன்னொரு கால் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தது.

"வந்துட்டியா? யாரு மவுத்து? பள்ளியிலயும் சொல்லல, கோயில் பக்கம் சங்கும் கேக்கல. வீதி பூராம் எறங்கியிருக்கு. என்னையப் பிடி. கீழ போவோம். நாலடி நடக்கணும்."

நான் நின்றேன்.

"என்னலே முழிக்கிற? வாயில என்ன கொழுக்கட்டையா?"

அப்போதுதான் போல்ட் ஞாபகம் வந்தது. எடுத்துச் சட்டைப் பையில் போட்டேன்.

"பாய், யாரும் சாகல."

"பெறகு?"

"நாந்தேன். ஸ்பிரிங் நிக்குதான்னு பாதிக்கு எறக்கிப் பாத்தேன். துண்டு கட்ட மறந்துட்டேன்."

"நின்னுச்சா?"

"நின்னுச்சு பாய்."

"நல்லது" என்று சொல்லிக் கட்டிலில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவர் முகம் மாறியது. சன்னலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அப்ப கீழ இவங்க எல்லாம் யாருக்கு நிக்கிறாங்க?"

நான் தரையைப் பார்த்தேன்.

"எனக்கா?"

இருமுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். தோள் இரண்டும் குலுங்கின. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எதுவரைக்கும்லே எறங்கியிருக்கு?"

சன்னலில் எட்டிப் பார்த்தேன். "மணிக்கூண்டு வரைக்கும் தெரியுது பாய்."

"அந்தக் கண்ணாடிக் கதவு ஜவுளிக்கடை? அவங்களுக்கு இதெல்லாம் தெரியாதே. ஷட்டரே மேல ஒளிச்சுல்ல வச்சிருக்காங்க."

"லைட்ட அமத்திட்டு வெளிய வந்து நிக்கிறாங்க பாய். அந்தப் பொம்பளப் பிள்ளைங்க எல்லாம் வரிசையா."

"ம்" என்றார். சிரிப்பு நின்றுவிட்டது. விரலால் போர்வையின் ஓரத்தை மடித்தார், விரித்தார்.

"நாப்பது வருசமா ஊருக்கெல்லாம் எறக்கிருக்கேன் தங்கராசு. நமக்கு எறக்குனா எப்படி இருக்கும்னு ஒருத்தனும் பாத்ததில்ல. பாக்கவும் முடியாது. அங்கிட்டுப் போயிட்டா அதுவும் கெடையாது. வீட்டுல எடுத்து பக்கத்துலேயே வச்சிருவாங்க. தென்ன மரத்துக்கு ஷட்டரு ஏது? ரெண்டு நாளா இதே நெனப்பு. மகன்கிட்டச் சொன்னா மனசு சங்கடப்படுவான்."

பாதியில நிக்கணும் என்று அவர் காலையில் சொன்னது எதற்காக என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

"சரி, தூக்கு போ. யாவார நேரம்."

"நீங்க சன்னல்ல நின்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா…"

"எறக்குனது நீயி. நீதான் தூக்கணும். போ."

கீழே வந்தேன். ஷட்டரைத் தூக்கினேன். வெயில் முகத்தில் அடித்தது. வீதி முழுக்க என்னைப் பார்த்தது.

"பாய்க்கு ஒண்ணுமில்ல" என்றேன். "நான் ஸ்பிரிங் டெஸ்ட் பாத்தேன்."

வாழ்க்கையில் நான் சத்தமாகச் சொன்னது அதுவாகத்தான் இருக்கும்.

அண்ணாச்சிக்கு முதலில் பேச்சு வரவில்லை. வந்தபோது முழுசாக வந்தது. "வெளங்காத பயலே! உள்ளயே நின்னுக்கிட்டு எல்லாத்தையும் கேட்டுட்டா இருந்த? வாயத் தொறந்தா முத்தா உதிர்ந்துரும்?" தோளில் கிடந்த துண்டைச் சுருட்டி என் மேல் எறிந்தார். அப்புறம் முகத்தைத் துடைக்கத் துண்டில்லாமல் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டார்.

"எடுபட்ட பயலே, கூடை ரோசாவையும் கட்டிப்புட்டேனே!" என்றாள் ராக்கு அக்கா. அழுகையும் சிரிப்பும் கலந்து அவள் மூக்கு ஒழுகியது.

மேலே சன்னலில் பாயின் குரல் கேட்டது. "ராக்கு! அத மேல குடுத்துவிடு. எனக்குன்னு கட்டுனது. வேற எவனுக்கும் குடுத்துறாத."

வீதியே சிரித்தது. மருந்துக்கடை உரசிக்கொண்டு ஏறியது. பாத்திரக்கடை ஏறியது. சரக்கு ரயில் கிளம்பும்போது பெட்டி பெட்டியாக இழுபடுமே, அது மாதிரி அந்தச் சத்தம் மணிக்கூண்டு வரைக்கும் போனது.

ஹெல்மெட்டோடு ஒருவன்

ஜாகிர் வந்தபோது எல்லாக் கடையும் திறந்திருந்தது. அதை அவன் பார்க்கவில்லை. வண்டியை ஸ்டாண்ட் போடாமல் சாய்த்துவிட்டு ஹெல்மெட்டோடு படியில் ஓடினான். நான் ஒதுங்கி நின்றேன்.

மேலே போனவன் அப்பா மடியில் ரோஜாப் போர்வையைப் பார்த்தான். அப்பா அதற்கு மேல் கையை வைத்துக்கொண்டு அவனைப் பார்த்தார். நடந்ததை அவர் சொல்லி முடித்ததும் அவன் விடுவிடுவென்று இறங்கி வந்து என் சட்டையைப் பிடித்தான். ஹெல்மெட்டைக் கூட அவன் கழற்றவில்லை. பிடித்தது நியாயம்தான். நான் கையைத் தட்டிவிடவில்லை.

"ஜாகிரு, அவன விட்டுட்டு மேல வா" என்று பாய் கூப்பிட்டார்.

விட்டுவிட்டுப் போனான். மாடிப்படியில் இருந்த என் பையை எடுக்கப் போனதால் அவர்கள் பேசியது என் காதில் விழுந்தது.

"அழுகாதடா. நாளைக்கு வாரேன். அடம் பிடிக்கல. உன் வீட்டுல நிம்மதியா இருக்கேன். ஒண்ணே ஒண்ணுதான். கடைசில என்னைய இந்த வழியா கூட்டிட்டுப் போகணும். பக்கத்துல எடம் இருக்குன்னு அங்கயே வச்சிராத. நம்ம பழைய மையவாடிக்குத்தான். சுத்துதான். இருந்தாலும் இந்த வழி."

"இத மொதல்லயே சொல்றதுக்கு என்ன அத்தா?"

"கூச்சமா இருந்துச்சு" என்றார் பாய்.

நான் பையை எடுக்காமலேயே இறங்கி வந்துவிட்டேன்.

இந்தத் தடவை

பாய் புது வீட்டில் ஒரு மழைக்காலமும் ஒரு வெயில்காலமும் இருந்தார். ஒருமுறை பார்க்கப் போனேன். தென்னந்தோப்பைப் பார்த்து நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். உடம்பு இளைத்திருந்தது. "நிக்குதா?" என்றார். "நிக்குது பாய்" என்றேன். அவ்வளவுதான் பேசினோம். தேநீர் கொடுத்தார்கள், இஞ்சி தட்டிப் போட்டது.

அடுத்த ஆடிக் காற்று அடித்துக்கொண்டிருந்த ஒரு காலையில் ஜாகிர் போன் செய்தான். சட்டையைப் பிடித்த பிறகு அவன் என்னிடம் பேசியதில்லை.

"தங்கராசண்ணே, சாவி மருந்துக்கடையில இருக்கு. தான் போற அன்னைக்கு நம்ம கடையப் பூட்டி வைக்கக் கூடாதுன்னு அத்தா சொல்லியிருக்காரு. நீங்க போயி…"

போய்த் திறந்து முழுசாகத் தூக்கி வைத்தேன். வாசலில் நின்றேன். மதியத் தொழுகை முடிந்து கொஞ்ச நேரத்தில் வேனில் கொண்டுவந்து மூலையில் இறக்கினார்கள். அங்கிருந்து தோளில் எடுத்தார்கள். பெட்டி மேல் ரோஜாப் போர்வை. ராக்கு அக்கா காலையிலேயே கட்டிக் கொடுத்தனுப்பியது.

நான் ஷட்டரைப் பாதிக்கு இறக்கினேன்.

மருந்துக்கடைக்காரர் கைப்பிடியில் கை வைத்தபடி இழுக்காமல் என்னைப் பார்த்தார். எதிரே அண்ணாச்சியும் அப்படியே நின்றார். அவர் நின்ற இடத்திலிருந்து மூலைக்கு அப்பால் இன்னும் எதுவும் தெரியாது.

"ஏலே, வாயில என்ன?" என்றார் அண்ணாச்சி. திட்டுகிற குரல்தான். செய்தி காலையிலேயே தெரியும், ஆனாலும் இல்லை என்று சொல்லிவிட மாட்டானா என்று கேட்கிற குரல்.

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி" என்றேன். "பாய்தான்."

பாத்திரக்கடை இறங்கியது. மருந்துக்கடை இறங்கியது. மணிக்கூண்டு வரைக்கும் போனது.

ஊர்வலம் என்னைக் கடந்தது. ஷட்டரிலிருந்து கையை எடுத்தேன். பின்னால் நாலடி நடந்தேன். அதற்கு அப்புறம் எண்ணவில்லை. பேகம்பூர்ப் பக்கம் மையவாடிக்குள் போகிறவரைக்கும் நடந்தேன். மண் போடுகிறபோது நானும் மூன்று பிடி போட்டேன். ஜாகிர் என் தோளில் கை வைத்தான். வைத்து எடுத்துவிட்டான்.

திரும்பி வந்து மணிக்கூண்டு அருகே வீதிக்குள் திரும்பியபோதுதான் நான் செய்திருந்த காரியம் தெரிந்தது.

எல்லா ஷட்டரும் இன்னும் பாதியிலேயே இருந்தன. ஜவுளிக்கடையில் விளக்கு எரியவில்லை. வாடிக்கைக்காரர்கள் பையோடு ஓரமாக நின்றிருந்தார்கள். மூலைக்கடை ஏற்றவில்லை, அதனால் யாரும் ஏற்றவில்லை. நான் போய் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது.

வீதி நீளத்துக்கும் நடந்து வந்தேன். எல்லாரும் பார்த்தார்கள். அன்றைக்கு எனக்கு நாக்கு ஒட்டவில்லை. பேசவும் ஒன்றும் இல்லை.

அண்ணாச்சி படியில் உட்கார்ந்திருந்தார். "வந்துட்டியா?" என்றார். "தூக்கு. யாவார நேரம்."

கயிற்றுக்கடை ஷட்டர், நான் விட்ட இடத்தில், ஒரு விரற்கடை கூட இறங்காமல் நின்றது. சுதைக் காளையின் நிழல் அதன் மேல் விழுந்திருந்தது. கைப்பிடியைப் பிடித்தேன். திறக்கும்போது என் கையிலிருந்து பட்ட கிரீஸ் இன்னும் காயவில்லை.

தூக்கினேன்.